அமீர் ஜானின் காரைச் சாந்த் பாஷா ஓட்டிய மூன்று வருஷம்

செஞ்சியில் நெல் லாரி ஓட்டிக்கொண்டிருந்த சாந்த் பாஷாவுக்கு மெட்ராஸில் கார் ஓட்டும் வேலை கிடைத்தபோது, அவனுக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். அவன் பிழைக்கப் போகவில்லை, பழி தீர்க்கப் போகிறான் என்பது அவனுக்கும் அவன் பெண்டாட்டி தாஹிராவுக்கும் மட்டும்தான் தெரியும்.

வேலை கொடுத்தவர் அமீர் ஜான். பெரியமேட்டில் தோல் மண்டி வைத்திருந்தார். சாந்த் பாஷாவின் தாயார் அசீசுன்னிசாவும் அமீர் ஜானின் தாயாரும் கூடப்பிறந்த அக்காள் தங்கை. அந்த வகையில் இவனுக்கு அவர் அண்ணன். ஒரே பாட்டனார் வீட்டில் பிறந்த பெண்களின் பிள்ளைகள். அந்த உறவையெல்லாம் எழுபத்தாறாம் வருஷம் மே மாதம் ஒரு மத்தியானத்தில் அமீர் ஜான் மண்ணில் போட்டு மிதித்தார்.

அந்த வருஷம் அசீசுன்னிசாவுக்கு நெஞ்சில் சளி கட்டி, இருமி இருமி உடம்பு கூடாகிப் போயிருந்தது. சாந்த் பாஷா அப்போது லாரியில் கிளீனர். தாயைக் கூட்டிக்கொண்டு மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனான். கூடப்பிறந்த பெண்கள் இல்லாத வீடு என்பதால், தளவானூரிலிருந்து வந்து செஞ்சியில் கீரை விற்கிற பூவாயி துணைக்கு வந்தாள். அங்கே பார்த்த டாக்டர் ஒரு சீட்டு எழுதி, தாம்பரத்து நெஞ்சு ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றுவிட்டார். வந்த வழியிலேயே திரும்பி முப்பது கிலோமீட்டர் போக வேண்டும். கிழவிக்கு நிற்கவே தெம்பில்லை. பக்கத்தில்தான் பெரியமேடு. அக்காள் மகன் கார் வைத்திருக்கிறான். அவனை விட்டால் வேறு யாரிடம் போவது?

மண்டிக்கு எதிரே பிளாட்பாரத்தில் அசீசுன்னிசாவை உட்கார வைத்துவிட்டு, சாந்த் பாஷா உள்ளே போய்ச் சொன்னான். கார் மண்டி வாசலில் நிழலில் நின்றது. பிஸ்கட் நிறத்து அம்பாசிடர். டிரைவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். அமீர் ஜான் வெளியே வந்தார். தெருவைத் தாண்டி வரவில்லை. அந்தப் பக்கமே நின்றுகொண்டு குரல் கொடுத்தார்.

"சின்னம்மா, சீட்டுக்கு இப்பத்தான் புது உறை போட்டிருக்குது. பஸ்ல போங்க. பஸ்ல போனா காத்து வரும். உங்க நெஞ்சுக்கு அதான் நல்லது."

மண்டி ஆள் மூலமாக நாலு ரூபாய் அனுப்பினார்.

பஸ்ஸில் சைதாப்பேட்டை தாண்டியதும் அசீசுன்னிசாவுக்கு இருமல் வந்தது. இருமலோடு ரத்தமும் வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் கூச்சல் போட்டார்கள். கண்டக்டர் விசில் ஊதி மூன்று பேரையும் இறக்கிவிட்டார். தார் உருகுகிற ரோட்டோரத்தில் கிழவியை மடியில் போட்டுக்கொண்டு, பூவாயி தன் முந்தானையைக் கிழித்து வாயைத் துடைத்தாள். கடைசியில் ஒரு செங்கல் லாரிக்காரன் இரக்கப்பட்டு ஏற்றிக்கொண்டான்.

அசீசுன்னிசா சாகவில்லை. ஆறு மாதம் தாம்பரத்தில் கிடந்து, தேறி, ஊர் வந்து நாலு வருஷம் இருந்தாள். அந்த நாலு வருஷத்தில் ஒரு நாள்கூட அமீர் ஜானைக் குறை சொல்லவில்லை. "காத்து வரும்னு நெனச்சுத்தான் சொல்லியிருப்பான், பாவம்," என்பாள். சாந்த் பாஷாவுக்கு அந்தப் 'பாவம்' என்ற சொல்தான் அடிவயிற்றில் நெருப்பு மாதிரி உட்கார்ந்தது.

தாஹிராவைக் கட்டிக்கொண்ட வாரத்திலேயே அவளிடம் சொன்னான். "அந்தாளு கார் இல்லாம, கையில பையத் தூக்கிக்கினு, ஜனத்தோட ஜனமா செஞ்சி பஸ் ஸ்டாண்டுல இறங்கணும். அத நான் நின்னு பாக்கணும். அது வரைக்கும் எனக்குத் தூக்கம் கெடையாது."

"கல்யாணமான புதுசுல பொண்டாட்டிகிட்ட பேசுற பேச்சா இது?" என்றாள் தாஹிரா.

எண்பத்து மூன்றாம் வருஷம் கௌஸ் பாஷாவின் கல்யாணத்துக்கு அமீர் ஜான் காரில் வந்து இறங்கினார். கௌஸ் பாஷா பனமலையில் சைக்கிள் கடை வைத்திருந்த சொந்தக்காரப் பையன். அமீர் ஜானுக்கு அப்போது ஒரு ஆசை பிறந்திருந்தது. செஞ்சிப் பள்ளிவாசலை நிர்வகிக்கிற முத்தவல்லி ஆக வேண்டும். பணம் வந்தாகிவிட்டது, இனி ஊரில் மரியாதை வேண்டும். அதற்கு அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் சேர்ந்த ஜமாஅத் கூட்டத்தில் சொந்தக்காரர்கள் கை தூக்க வேண்டும்.

அந்த வீடுகளின் கல்யாணத்தில் ஒரே பெரிய தட்டில் பிரியாணியைக் கொட்டி, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவது வழக்கம். அந்தத் தட்டில் கை இருக்கும்போது ஒருவர் ஒரு வார்த்தை கொடுத்தால், அதை அப்புறம் மாற்றுவதில்லை. பெண் கொடுப்பது, நிலம் பிரிப்பது எல்லாம் அங்கே பேசி முடிந்திருக்கிறது. மெட்ராஸில் இருபது வருஷம் இருந்ததில் அமீர் ஜானுக்கு அது மறந்துவிட்டது. கையில் எலும்பை வைத்துக்கொண்டு, பந்தல் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்:

"என் கார் இன்னா எனக்கா? நம்ம ஜனத்துக்கு. மெட்ராஸுக்கு யார் வந்தாலும் ஒரு கார்டு போடுங்க. பஸ் ஸ்டாண்டுல கார் வந்து நிக்கும்."

"மாஷா அல்லாஹ்!" என்றார்கள் எல்லோரும். எதிரே அதே தட்டில் கை வைத்திருந்தவன் சாந்த் பாஷா. அவனுக்குச் சோறு இறங்கவில்லை. சந்தோஷத்தில் இறங்கவில்லை.

அன்றைக்கே கை கழுவும் இடத்தில் போய் நின்றான். "அண்ணே, உங்க டிரைவர் நின்னுட்டானாமே. நான் வரட்டுமா?"

அமீர் ஜானுக்கு இதைவிட என்ன வேண்டும்? சொந்தக்காரன் திருட மாட்டான். சம்பளத்தைக் குறைத்தாலும் வாயைத் திறந்து கேட்க மாட்டான். "முந்நூறு ரூபா. மண்டி மாடியில படுத்துக்க. சாப்பாடு வீட்டுல," என்றார். அவர் சின்னம்மா பேச்சே எடுக்கவில்லை. மறந்து போயிருந்தார். அதுவும் சாந்த் பாஷாவின் கணக்கில் ஏறியது.

வேலையில் சேருவதற்கு முன்னால் தபாலாபீஸில் ஐம்பது கார்டு வாங்கினான். தாஹிரா அஞ்சாவது வரை படித்தவள். மெட்ராஸுக்கு வந்தால் அமீர் ஜானின் கார் வந்து நிற்கும் என்று இவன் சொல்லச் சொல்ல, சொந்தக்காரர்களுக்கு அவள் எழுதினாள்.

"தொண்டூர்ல மண்ணெண்ணெய்க் கடை வச்சிருக்காரே, அவருக்கு எழுது."

"அவரு நமக்கு எந்த வழியில சொந்தம்?"

"அமீர் அண்ணனோட பெரிய அத்தைய மொதல்ல கட்டுனவரோட தம்பி மருமகன்."

"அவங்கதான் தலாக் ஆயி போயிட்டாங்களே?"

"தலாக் ஆனாலும் கொஞ்ச நாள் சொந்தமா இருந்தாங்க இல்ல? எழுது."

அவன் எந்தப் பள்ளிக்கூடத்திலும் உருப்படியாகப் படித்ததில்லை. ஆனால் செஞ்சி, பனமலை, தொண்டூர், திண்டிவனம் வரைக்கும் எந்த வீட்டுப் பெண்ணை எந்த வீட்டில் கொடுத்தார்கள் என்பது நாலு தலைமுறைக்கு அவன் நாக்கில் இருந்தது. ஐம்பது கார்டும் தீர்ந்து இன்னும் முப்பது வாங்கினான்.

அப்புறம் வர ஆரம்பித்தார்கள்.

முதலில் தொண்டூர்க்காரர் வந்தார், மூல ஆபரேஷனுக்கு. பாரிமுனை பஸ் ஸ்டாண்டில் கார் நிறுத்த இடம் கிடையாது. போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி வியர்வை துடைக்கிற நேரத்துக்குள் ஆளை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். செஞ்சி பஸ் எப்போது வரும் என்று யார் சொல்ல முடியும்? சாந்த் பாஷா எதிர்வரிசையிலேயே என்ஜினை அணைக்காமல் நின்றான். ஒருதரம் அபராதச் சீட்டு கொடுத்தார்கள். வாங்கி, மடித்து, பத்திரமாகச் சட்டைப்பையில் வைத்து அமீர் ஜானிடம் கொடுத்தான்.

"இன்னாடா இது?"

"உங்க வார்த்தைக்கு வந்த செலவு அண்ணே."

அடுத்து கௌஸ் பாஷாவுக்குச் சவூதியில் வேலை கிடைத்தது. வழியனுப்ப பதினோரு பேர் வந்தார்கள். அம்பாசிடரில் எத்தனை அடைத்தாலும் டிரைவரைத் தவிர எட்டு பேர்தான். ஆகவே மீனம்பாக்கத்துக்கு இரண்டு நடை. பிளேன் கிளம்பவில்லை, மறுநாள்தான் என்றார்கள். ஆகவே திரும்ப இரண்டு நடை, மறுநாள் மறுபடியும் போக இரண்டு, வர இரண்டு. அங்கே வண்டி நிறுத்துவதற்குச் சீட்டு வேறு. கௌஸ் பாஷாவின் மாமியார் கண்ணாடிக்குள்ளே போகிற மருமகனைப் பார்த்து அழுத அழுகையில் இரண்டு மணி நேரம் போயிற்று. சாந்த் பாஷா, "அழுங்க மாமி, நல்லா அழுங்க, அவசரமில்ல," என்றான்.

பெட்ரோல் லிட்டர் ஆறு ரூபாயைத் தாண்டியிருந்த காலம். அந்த வண்டி ஊருக்குள் லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர் கொடுத்தால் பெரிது. நல்ல டிரைவர் என்றால் அதையே பத்தாக்கிக் காட்டுவான். மேட்டில் ஏறும்போதே இறக்கத்தை யோசிப்பான், சிக்னலுக்கு நூறு அடி முன்னாலேயே காலை எடுப்பான், என்ஜினுக்குப் பொறி கொடுக்கிற பாயிண்ட்டை மாதம் ஒருதரம் உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பான், முன் டயரைப் பின்னுக்கும் பின் டயரை முன்னுக்கும் மாற்றுவான். இதெல்லாம் சாந்த் பாஷாவுக்கு அத்துபடி. ஒன்றையும் செய்யவில்லை. சொன்ன வேலையைச் செய்தான். சொல்லாத வேலையில் ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை.

ஆனால் ஒரு சொட்டுப் பெட்ரோல் திருடவில்லை. ஒரு பில்லில் ஒரு பைசா கூட்டி எழுதவில்லை. அது அவனுக்கு வைராக்கியம். திருடினால் பழி கெட்டுப்போகும் என்று நினைத்தான்.

மெட்ராஸும் அவனுக்கு ஒத்தாசை செய்தது. அந்த வருஷம் தண்ணீர்ப் பஞ்சம். குடிக்கவே லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கிற தெருவில், கார் கழுவத் தண்ணீர் விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. வீல் மூடியை எவனோ கழற்றிக்கொண்டு போனான். புதிது மாட்டினால் அதையும் கழற்றினான். தெருவெல்லாம் தோண்டிப் போட்டார்கள், ஸ்பிரிங் பட்டை உடைந்தது. ஒருவழிப் பாதை என்று பலகை வைத்தார்கள், கூப்பிடு தூரத்து இடத்துக்கு ஊரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. எண்பத்தைந்தில் உயிர்க் காலேஜ் என்கிற மிருகக்காட்சி சாலையையே எடுத்துக்கொண்டுபோய் வண்டலூரில் வைத்தார்கள். அதைக் கேட்ட அன்று சாந்த் பாஷா நன்றி சொல்லிக் கூடுதலாக இரண்டு ரக்அத் நபில் தொழுதான். சொந்தக்காரர் யார் வந்தாலும் ஆஸ்பத்திரி வேலை முடிந்த கையோடு, "புலி பாக்காம ஊருக்குப் போனா எப்படி?" என்று கேட்டான். போக முப்பத்தைந்து கிலோமீட்டர், வர முப்பத்தைந்து.

அமீர் ஜான் தட்டிக் கழிக்கப் பார்த்தார். வண்டி ஒர்க்ஷாப்பில் இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தார். சாந்த் பாஷா வந்தவர்களை ஒர்க்ஷாப்புக்கே கூட்டிக்கொண்டு போய் பெஞ்சில் உட்கார வைத்தான். கோபத்தில் ஒருநாள் கத்தினார்:

"இனிமே எவனுக்கும் கார் கெடையாதுன்னு சொல்லிடுடா!"

"சொல்றேண்ணே. தட்டுல கை வச்சுச் சொன்னத அண்ணன் மாத்திட்டாருன்னு ஜமாஅத்துல சொல்லிடறேன். முத்தவல்லி விஷயம் வேற வருது இல்ல."

அமீர் ஜான் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

எண்பத்தைந்து கடைசியில் பூவாயி வந்தாள். கண்ணில் புரை. ஆபரேஷன் முடிந்து கட்டோடு இருந்தவளைச் சாந்த் பாஷா பெரியமேட்டுக்கே கூட்டிவந்து, மண்டி வாசலில் வண்டியை நிறுத்தினான். பின்சீட்டின் நடுவில் அவள் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு அமீர் ஜான் ஹார்பருக்கு அவசரமாகப் போக வேண்டும்.

"இந்தம்மா நமக்கு இன்னா சொந்தம்டா?"

"எங்கம்மாவுக்கு வாய் தொடச்ச சொந்தம்."

"இன்னா ஒளர்ற?"

பூவாயி ஒற்றைக் கண்ணால் அவரைத் தேடிப் பார்த்தாள். "பாயி, நீதான? நான் அப்போ எதிர்ல அந்தப் பிளாட்பாரத்துல குந்திக்கினு இருந்தேன். ஒன்ன நல்லாத் தெரியும். ஒனக்கு என்னத் தெரியாது."

அமீர் ஜான் அவளையும் பார்த்தார், பிளாட்பாரத்தையும் பார்த்தார். அவர் முகத்தில் எதுவும் ஓடவில்லை. "ஆட்டோவ கூப்புடு," என்று மண்டி ஆளிடம் சொல்லிவிட்டுப் போனார். மறந்தவனை எப்படி அடித்தாலும் வலிக்காதே என்று சாந்த் பாஷாவுக்கு அன்றைக்கு முழுதும் ஆத்திரம். பூவாயியைப் புலி பார்க்கக் கூட்டிப்போனான். "கட்டு போட்ட கண்ணுக்குப் புலி எதுக்குடா?" என்று திட்டிக்கொண்டே வந்தாள்.

எண்பத்தாறில் வண்டி படுத்தது. என்ஜினைப் பிரித்து, சிலிண்டரைக் கடைந்து போர் பண்ண வேண்டும், கிளட்ச் போயிற்று, நாலு டயரும் இரண்டுதரம் ரப்பர் ஒட்டி இனி ஒட்ட முடியாது, இன்ஷூரன்ஸ் கட்ட வேண்டும். தோல் வியாபாரமும் அந்த வருஷம் மந்தம். மெக்கானிக் எழுதிக் கொடுத்த தாளை அமீர் ஜான் மூன்று தரம் படித்தார். அடுத்த வாரம் வண்டியை விற்றார். சாந்த் பாஷாவைக் கூப்பிட்டு, "கார் இல்ல, டிரைவர் எதுக்கு? ஊருக்குப் போ," என்றார்.

பாட்டுப் பாடிக்கொண்டு வீடு வந்தவனைத் தாஹிரா ஏற இறங்கப் பார்த்தாள்.

"அவரு கார் போச்சு. சரி. அதுல ஒங்க சம்பளம் போச்சே, அது யாருக்குப் பழி? ரேஷன் கடைக்கு நாளைக்கு நான் இன்னாத்த எடுத்துக்கினு போவேன்?"

"லாரி இருக்குது போ. எனக்கு இப்பத்தான் தூக்கம் வருது."

தூக்கம் ஒரு மாதம்தான் வந்தது. முத்தவல்லி தேர்வுக்கு நாள் குறித்தார்கள். அந்த வெள்ளிக்கிழமை அமீர் ஜான் பஸ்ஸில் வருகிறார் என்று சேதி. சாந்த் பாஷா காலையிலேயே குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு டீக்கடை ஓரமாகப் போய் நின்றான்.

பஸ் வந்தது. அமீர் ஜான் இறங்கினார். கசங்கிய ஜிப்பா, கையில் ரெக்சின் பை, கோழிக்கூடையோடு ஒருத்தி முதுகில் இடித்துக்கொண்டு இறங்கினாள். எத்தனை வருஷம் மனசுக்குள் பார்த்த காட்சி! ஒரு நிமிஷம்கூட அது நிற்கவில்லை. தொண்டூர்க்காரர் ஓடிவந்து மாலை போட்டார். கௌஸ் பாஷாவின் மாமியார் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இருபது முப்பது பேர் சூழ்ந்துகொண்டார்கள்.

"நமக்காக ஓடி ஓடியே கார வித்துட்டாருய்யா மனுசன்!" என்றார் தொண்டூர்க்காரர், கண் கலங்கி. "தனக்குன்னு ஒரு காரு வச்சுக்கலியே! மெட்ராஸுல எந்தப் பணக்காரன் இப்படிச் செய்வான்?"

சாந்த் பாஷாவின் கையிலிருந்த டீ ஆடை கட்டிப்போனது. எண்பது கார்டும் தன் கையால் போட்டது. அமீர் ஜானுக்கு எண்பது பேரைச் சேர்த்துக் கொடுத்தவன் அவனே. கூட்டத்தின் நடுவிலிருந்து அமீர் ஜான் அவனைப் பார்த்து, பெரிய மனுஷ தோரணையில் தலையை ஆட்டினார்.

ஜும்ஆ தொழுகை முடிந்து ஜமாஅத் கூடியது. தொண்டூர்க்காரர் அமீர் ஜானின் பேரைச் சொன்னார். எதிர்ப்பேச்சு யாருக்கும் உண்டா என்று கேட்டார்கள். சாந்த் பாஷா எழுந்தான். எழும்போது அவன் வாயில் இருந்தது பிளாட்பாரமும் நாலு ரூபாயும்தான். அதைச் சொல்லித் தோலை உரித்துவிடுவது என்றுதான் எழுந்தான். சுற்றிலும் முகங்களைப் பார்த்தான். புலி பார்த்த முகங்கள். யார் நம்புவார்கள்? அவன் தாயே நம்பவில்லையே. அந்த ஒரு கணத்தில் வேறு ஒன்று தோன்றியது. அவன் முகம் தெளிந்தது.

"எதிர்ப்பு ஒண்ணியும் இல்ல. எங்கண்ணன் மாதிரி ஆளு கெடைக்காது. ஒரே ஒரு கோரிக்கைதான். நம்ம ஊருல ராவு பகல்னு ஒரு நோயாளிய விழுப்புரத்துக்கோ பாண்டிச்சேரிக்கோ எடுத்துக்கினு போவ வண்டி கெடையாது. இருமுறவங்கள பஸ்ல ஏத்த மாட்டேன்றான். முத்தவல்லி ஆவுறவரு, தன் சொந்தச் செலவுல, பள்ளிவாசலுக்குன்னு ஒரு வண்டி வாங்கி வுடணும். பெட்ரோல், டயரு எல்லாம் அவரு இருக்குற வரைக்கும் அவரே பாத்துக்கணும். அண்ணன் மெட்ராஸுலயே செஞ்சவரு. சொந்த ஊருக்குச் செய்ய மாட்டாரா?"

"ஆமீன்!" என்று பள்ளிவாசலே அதிர்ந்தது.

அமீர் ஜானின் கழுத்தில் மாலை இருந்தது. அதைக் கழற்றி வைக்கவும் முடியாமல், எழுந்து போகவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார். "சரி," என்றார். 

வெளியே செருப்பு மாட்டும் இடத்தில் அவன் கையைப் பிடித்து இழுத்தார். குரல் தாழ்ந்து வந்தது. "மூணு வருஷமாப் பாக்கறேன். ஒனக்கு நான் இன்னாடா செஞ்சேன்?"

"யோசிச்சுப் பாருங்கண்ணே. அவசரமில்ல. நீங்க உயிரோட இருக்குற வரைக்கும் முத்தவல்லிதான்."

வண்டி பார்க்கத் திண்டிவனத்துக்குச் சாந்த் பாஷாவையே அனுப்பினார்கள், வண்டி தெரிந்தவன் என்று. ஓட்டப்போகிறவனும் அவன்தான் என்று ஜமாஅத் முடிவு பண்ணியிருந்தது. சம்பளம் நானூறு, முத்தவல்லி பொறுப்பு. புரோக்கர் கோவிந்தசாமி இரண்டு வண்டிகளைக் காட்டினார். ஒன்று டீசல் வேன், நல்ல நிலைமை.

"இத எடுத்துக்கினு போ பாய். லிட்டருக்குப் பதினாலு குடுக்கும். செலவே இருக்காது."

"அது?" என்று மூலையில் நின்ற பழைய பெட்ரோல் வேனைக் காட்டினான் சாந்த் பாஷா.

"அது எதுக்குப் பாய்? அது குடிகார வண்டி. ஆறுதான் குடுக்கும். மேடு ஏறுனா அஞ்சு."

சாந்த் பாஷா அதன் பக்கத்தில் போய் பானெட்டைத் திறந்தான். ரேடியேட்டரில் மூன்று இடத்தில் ஒட்டுப்போட்டிருந்தது. டயர்கள் வழவழவென்று தேய்ந்திருந்தன. சீட்டு மட்டும் அகலமாக, ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கிற மாதிரி இருந்தது. படுத்துப் பார்த்தான். எழுந்து உட்கார்ந்தான்.

"இதுக்கு ஆர்.சி. புக்கு இருக்குதா?" என்றான்.